ப்ளெயின் சட்டை வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பூவேலையும் பெரிய எழுத்தும் இல்லாத சாதாரணச் சட்டையை வாங்குவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் கஷ்டம். அச்சுப் போட்ட சட்டையில் கண் டிசைனுக்குப் போய்விடும், கோணல் தையல் தெரியாது. ஒரே நிறச் சட்டையில் துணியும் வெட்டும் தையலும்தான் முன்னால் நிற்கும்.

அதனால் பெரிய தவறு, சட்டையை உட்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்குவது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் கடை ஏறினால் நான் முதலில் செய்வது அதைத்தான். பக்கத் தையலில் துணியின் ஓரம் முழுக்க உள்ளே மடிந்து, அதன்மேல் தையல் ஓடியிருந்தால் நெடுநாள் உழைக்கும். ஓரத்தை மடிக்காமல் நூல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்ததாலேயே மட்டம் என்று சொல்ல மாட்டேன். நூல் பிரிந்து தொங்கினால் மட்டும் வைத்துவிடுங்கள். அப்புறம் கீழ் ஓரத்தில், முன்துணியும் பின்துணியும் சேரும் இடத்தைப் பாருங்கள். சில சட்டைகளில் அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். இழுபடும் இடம் கிழியாமல் இருக்கத்தான் அது. யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

துணி கனமாக இருந்தால் தரம் என்று நம்புவது இன்னொரு தவறு. 240 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) டீ-ஷர்ட் கடையின் ஏர்கானில் அழகாக நிற்கும். வெளியே 33 டிகிரி வெயிலில் பிரிக்ஃபீல்ட்ஸில் பத்து நிமிஷம் நடந்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊருக்கு 150 முதல் 180 போதும். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை இழுக்கும், லினன் அதைவிடக் கூடுதலாக. பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இழுக்காது. லேபிளைப் படியுங்கள். நடுத்தரச் சாம்பல் நிறத்தில் வியர்வை பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது.

அளவில் தோள்தான் முக்கியம். கை நீளத்தையும் இடுப்பையும் டெய்லர் சரி செய்துவிடுவார். தோள் இறங்கினால் சட்டையையே பிரிக்க வேண்டியிருக்கும். தோளை இறக்கியே வெட்டிய மாடல் என்றால் அது வேறு கதை.

கடைசித் தவறு வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. நான் ஆசையாக வாங்கிய ஒரு நீலச் சட்டையை மழை நாளில் தானியங்கி தோபிக் கடைக்குக் கொண்டுபோய், அதிகச் சூட்டில் காய வைத்தேன். காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் கேன்வாஸ் ஒரு விதமாகவும் மேல்துணி வேறு விதமாகவும் சுருங்கினால், ஒட்டு விட்டு இப்படி ஆகும். தேய்த்துப் பார்த்தேன், சரியாகவில்லை. நீளமும் குறைந்திருந்தது. முன்கூட்டியே சுருக்காத பருத்தி 5 விழுக்காடுகூடச் சுருங்கலாம், 70 செ.மீ. நீளச் சட்டையில் அது மூன்றரை செ.மீ. இப்போதெல்லாம் மழை பெய்தாலும் சட்டைகளை ஹேங்கரில் மாட்டி, ஃபேனுக்குக் கீழேதான் காய வைக்கிறேன்.