ஏரிக்காகப் பேரவையில் கேள்வி கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

ஏரி, மணல், நிலத்தடி நீர் என்று இயற்கை வளத்தையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு எம்எல்ஏவுக்குப் பல ஆண்டுகள் கேள்வி எழுதிக் கொடுத்தேன். போன வாரம் ஒரு புதிய உறுப்பினரின் உதவியாளர் தன் முதல் கேள்வியைக் காட்டினார். நாங்கள் முதல் வருடம் எழுதிய அதே வரி. அதனால்தான் இது.

துறை மாறுவது

40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். மாற்றிக் கேட்டால் ஒரு கூட்டத்தொடரே வீண்.

'தூர்வார அரசு ஆவன செய்யுமா?'

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. முதல் வருடம் நாங்கள் எழுதிய கேள்வி இவ்வளவுதான். ஒப்புதல் வந்தது, ஊரில் மாலை போட்டார்கள். எவ்வளவு ஆழம், எந்த இடத்தில், மண் யாருக்கு என்று நாங்கள் கேட்கவே இல்லை. மேலே ஒன்றரை அடிதான் வண்டல், கீழே கிராவல். வயலுக்கென்று வாங்கிய அனுமதியில் லாரிகள் வீட்டுமனைகளுக்குக் கிராவல் அடித்தன. ஏரித் தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் மடைக்குப் பக்கத்திலேயே இரண்டாள் ஆழப் பள்ளம்.

அந்த ஐப்பசியில் மழை சுமார். முன்பெல்லாம் அந்த மழைக்கே மடை ஓடும். இந்த முறை வந்த தண்ணீரைப் பள்ளங்களே வாங்கிக்கொண்டன. கதிர் பிடிக்கும் சமயத்தில் ஒரு பெரியவர் என்னை மடைக்கு அழைத்துப் போனார். மடை வாசலின் அடிக்கல்லுக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. "கண்ணுக்குத் தெரியுது தம்பி, வாய்க்காலுக்கு வரலியே" என்றார். கடைமடையில் பயிர் காய்ந்தது. கிணறு உள்ளவர்களுக்கு ஊற்று ஏறும் என்பது உண்மைதான். கடைமடைக்காரர்களிடம் கிணறு ஏது? பேரவையில் வந்த பதில், 'பணி நிறைவுற்றது'. நாங்கள் கேட்டதற்கு அது சரியான பதில்.

இப்போது எழுதினால் மூன்றாகப் பிரித்து எழுதுவேன்: மடையின் சில் லெவல், அதாவது வாசல் அடிக்கல்லின் மட்டம் என்ன, தோண்டுவது எந்த மட்டத்தோடு நிற்கும்? கரையிலிருந்து எவ்வளவு தள்ளி? 1959ஆம் ஆண்டு சிறுகனிமச் சலுகை விதிகளில் ஏரி மண் எடுக்க அனுமதி தரும் 12(2)இன் கீழ் யாருக்கு எத்தனை லோடு?

வரத்துக்கால்வாய்

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் இந்தக் கால்வாயையும் ஏரியோடு சேர்த்தே கேளுங்கள்.

ஆக்கிரமிப்பு

2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தில் முதல் படி நில அளவை. 'அகற்றினீர்களா' என்பதற்கு முன் 'அளந்தீர்களா' என்று கேளுங்கள்.

தாழ்வாரத்து வாக்கு

அமைச்சர் அவைக்குள் வாக்குக் கொடுத்தால், அது நிறைவேறியதா என்று பேரவையின் உறுதிமொழிக் குழு பின்தொடரும். வெளியே நடந்துகொண்டே சொன்னதை யார் பின்தொடர்வார்கள்?

அந்த உதவியாளரிடம் கேள்வியைத் திருப்பிக் கொடுத்து, முதலில் மடையில் இறங்கிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.