மொக் விடைத்தாளை வைத்து ஏ லெவல் ஊடகக் கல்விப் பரீட்சைக்குத் தயாராகும் முறை

இங்கிலாந்தில் ஏ லெவலில் ஊடகக் கல்வி படிக்கும் மாணவர்களுக்குப் பெரும்பாலான பாடசாலைகளில் ஜனவரியை ஒட்டி மாதிரிப் பரீட்சை, அதாவது எல்லோரும் சொல்லும் ‘மொக்’, நடைபெறும். திருத்திய விடைத்தாள் பெப்ரவரி விடுமுறைக்கு முன்னரோ பின்னரோ கைக்கு வரும். உண்மையான பரீட்சை மே மாதத்தில் தொடங்கிவிடும். எங்கள் வீடுகளில் அந்த விடைத்தாளைக் கண்டதும் எழும் முதற் கேள்வி ‘எத்தனை புள்ளி?’ என்பதுதான். அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்தோ நொந்தோ தாளை மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தை முதற் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கும் பிள்ளைகளே அதிகம். இந்தப் பாடத்தில் பலருக்குப் புள்ளி குறைவது தெரிந்ததை வினாவுக்குப் பொருத்தி எழுதாத இடத்தில். குறிப்புப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அந்த இடம் கண்ணில் படாது. அது தெரிவது திருத்திய விடைத்தாளின் ஓரத்தில்தான்.

விடைத்தாளை இந்த அளவுக்குப் பெறுமதியாகக் கருத இன்னுமொரு காரணம் உண்டு. இப்போதைய பாடத்திட்டம் 2017 இல் கற்பிக்கப்படத் தொடங்கி, 2019 கோடையில்தான் முதன்முறையாகப் பரீட்சைக்கு வந்தது. கோவிட் காரணமாக 2020, 2021 கோடைப் பரீட்சைகள் நடக்கவில்லை. ஆகவே கணிதத்துக்கோ இரசாயனவியலுக்கோ இருப்பதுபோல அடுக்கடுக்கான கடந்தகால வினாத்தாள்கள் இதற்கு இல்லை. இணையத்தில் கிடைக்கும் 2019க்கு முந்திய தாள்கள் பழைய பாடத்திட்டத்துக்குரியவை. அவற்றை வைத்துப் பயிற்சி செய்த மாணவர் ஒருவர் வினாவின் அமைப்பே மாறியிருப்பதை மொக் மண்டபத்தில்தான் கண்டுபிடித்தார்.

ஏக்யூஏ, எடுக்காஸ், ஓசிஆர் என்ற மூன்று பரீட்சைச் சபைகளில் எதுவாக இருந்தாலும், மொத்தப் புள்ளிகளில் 70 சதவீதம் இரண்டு எழுத்துத் தாள்களுக்கும் 30 சதவீதம் மாணவர் தாமே உருவாக்கும் ஊடகத் தயாரிப்புக்கும் உரியவை. தயாரிப்பு வேலைக்கு ஆசிரியர் எவ்வளவு கருத்துச் சொல்லலாம் என்பதற்குத் தனி விதிகள் உள்ளன. இங்கே எழுத்துத் தாள்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் சபை எது என்று உறுதி செய்து, அதன் பாடத்திட்டத்தையும், மொக்கில் வந்த தாளுக்குரிய புள்ளித் திட்டத்தையும், பரீட்சகர் அறிக்கையையும் முதலில் எடுத்து வையுங்கள். பாடசாலைகள் பெரும்பாலும் முந்திய கோடையில் வந்த தாளையே மொக்குக்குப் பயன்படுத்துவதால், மொக் முடியும்வரை கிடைக்காத அந்த இரண்டு ஆவணங்களையும் இப்போது ஆசிரியரிடம் கேட்டு வாங்கலாம்.

முதல் அமர்வில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். புள்ளிகள் எழுதப்பட்ட இடத்தை ஒரு சிறு தாளால் மறைத்துவிட்டு, ஒவ்வொரு விடையையும் வேறொருவர் எழுதியதுபோல வாசியுங்கள்; ஆசிரியரின் குறிப்பு உள்ள ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஓர் எழுத்தைக் குறியுங்கள். விடயமே தெரியாமல் விட்டிருந்தால் ‘அ’, அறிவு. வினா கேட்டதை விட்டு வேறொன்றுக்கு விடை எழுதியிருந்தால் ‘வி’, வினா. கோட்பாடும் எடுத்துக்காட்டும் இருந்தும் இரண்டும் ஒட்டாமல் நின்றால் ‘பொ’, பொருத்தம். முடிக்காமல் விட்டிருந்தால் ‘நே’, நேரம். தாள் முழுவதையும் இப்படிக் குறித்த பின்னர் எண்ணிப் பாருங்கள். தமக்கு ‘அ’தான் அதிகம் வரும் என்று எண்ணியிருந்த மாணவர்களில் பலருக்கு ‘பொ’ அதைவிட இரண்டு மூன்று மடங்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வருபவர் மேலும் குறிப்பு மனனம் செய்வது, ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் வார்க்கும் வேலை.

‘பொ’ எப்படி இருக்கும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். பரீட்சையில் விடை ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டியது. விளக்கத்துக்காக இங்கே தமிழில் தருகிறேன். செய்தித்தாள்களை ஒழுங்குபடுத்தும் முறை எவ்வளவு பயனுள்ளது என்று கேட்ட வினாவுக்கு ஒரு மாணவர் இவ்வாறு எழுதியிருந்தார்: ‘பிரித்தானியச் செய்தித்தாள்களை ஐப்சோ ஒழுங்குபடுத்துகிறது. லிவிங்ஸ்டனும் லண்டும் ஒழுங்குமுறை பற்றிக் கூறியுள்ளனர். எனவே செய்தித்தாள்கள் விரும்பியதையெல்லாம் எழுத முடியாது.’ (ஐப்சோ, செய்தித்தாள்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பு; லிவிங்ஸ்டனும் லண்டும் ஊடக ஒழுங்குமுறையை ஆராய்ந்தவர்கள்.) ஓரத்தில் ஆசிரியர் ‘டெவலப்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதியிருந்தார். மாணவர் அதை ‘இன்னும் நீளமாக எழுது’ என்று விளங்கிக்கொண்டு, அடுத்த முறை ஐப்சோவின் விதிகளில் நான்கை மனனம் செய்து எழுதினார், புள்ளி அசையவில்லை.

உண்மையில் அந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பெயர் சொல்லப்பட்டதே தவிர, அந்த இரு ஆய்வாளரும் என்ன சொன்னார்கள் என்பது விடையில் இல்லை. ‘எவ்வளவு’ என்று வினா கேட்டதற்கும் பதில் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தப் பந்தியை மறுபடி எழுதியபோது அது இப்படி வந்தது: ‘பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவெசன் விசாரணையைத் தொடர்ந்து 2014 இல் தொடங்கப்பட்ட ஐப்சோ, செய்தித்தாள் துறையின் பணத்திலேயே இயங்குகிறது. டெய்லி மிரரும் த டைம்ஸும் அதன்கீழ் வருகின்றன. த கார்டியனும் ஃபினான்ஷியல் டைம்ஸும் அதில் சேராமல் தமக்கென வேறு ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒலிபரப்புத் துறையைக் கண்காணிக்கும் ஒஃப்கொம், குடிமக்களின் நலனையும் நுகர்வோரின் நலனையும் பேண வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இவ்விரு நலன்களும் ஒன்றையொன்று இழுப்பதையே லிவிங்ஸ்டனும் லண்டும் சுட்டிக்காட்டினர். செய்தித்தாள்களுக்கு அத்தகைய சட்டக் கட்டாயம் இல்லாமல், சேர்வதா இல்லையா என்பதை ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவரே முடிவு செய்வதால், குடிமக்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஓரளவுதான்.’

புதிய பந்தி பழையதைவிட நீளமாக இருப்பது உண்மை. ஆனால் புள்ளியை உயர்த்துவது அதன் கடைசி வாக்கியம். அங்கே உண்மைத் தகவலும் கோட்பாடும் சேர்ந்து வினாவின் ‘எவ்வளவு’ என்ற சொல்லுக்கு விடையாகின்றன. இன்னும் ஒரு படி மேலே போக விரும்பும் மாணவர், அவ்விருவரின் ஆய்வு முக்கியமாக ஒஃப்கொம்மைப் பற்றியது என்பதால், தன்னைத்தானே ஒழுங்குபடுத்தும் ஒரு துறைக்கு அது முழுமையாகப் பொருந்துமா என்று கேட்கலாம். ஒரு கோட்பாட்டின் பயனை மதிப்பிடச் சொல்லும் வினாக்களில் பரீட்சகர் தேடுவது இத்தகைய கேள்வியைத்தான்.

இதே நோய் பட வாசிப்பிலும் உண்டு. செய்தித்தாளின் முன்பக்கத்தைக் கொடுத்து ஊடக மொழியை ஆராயச் சொன்னால், ‘சிவப்பு நிறம் ஆபத்தைக் குறிக்கிறது’ என்று எழுதாத மாணவரைக் காண்பது அரிது. டெய்லி மிரரின் பெயர்ப்பட்டையில் உள்ள சிவப்பு ஆபத்தைக் குறிக்கவில்லை; ‘ரெட் டொப்’ என்று அழைக்கப்படும் மலிவுப் பதிப்புப் பத்திரிகைகளின் குடும்ப அடையாளம் அது. அந்தப் பத்திரிகை 1945 முதல் பொதுத் தேர்தல்களில் சிவப்பைத் தன் நிறமாகக் கொண்ட தொழிற்கட்சியை ஆதரித்து வருவதால், சிவப்புக்கு அரசியல் வாசிப்பு ஒன்றும் கொடுக்கலாம். ஒரு குறியின் பொருள் அது நிற்கும் இடத்தையும் வாசிப்பவரின் பழக்கத்தையும் பொறுத்தது என்பதே பிரெஞ்சு அறிஞர் ரோலன் பார்த்தின் குறியியல், அதாவது குறிகள் பொருள் தரும் முறை பற்றிய ஆய்வு, மாணவருக்குச் சொல்லித் தருவது. நிறத்துக்கு ஒரு பொருள் என்று அட்டவணை போட்டு மனனம் செய்வது அவருக்கு நேரெதிரான வேலை. உங்கள் தாளில் ‘கொன்டெக்ஸ்ட்?’ (சூழல்?) என்ற குறிப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: இதே நிறமோ எழுத்துருவோ கமெராக் கோணமோ வேறோர் ஊடக உற்பத்தியில் வந்திருந்தால் இதே பொருளைத் தந்திருக்குமா?

ஆசிரியர்களின் குறிப்புகள் சுருக்கமாகவே இருக்கும். முப்பது பேரின் தாளைத் திருத்துபவரிடம் கட்டுரை எதிர்பார்க்க முடியாது. ‘சோ வட்?’ என்று இருந்தால், கவனித்ததைச் சொல்லிவிட்டு விளைவைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்; ‘இதனால் வாசகர் யார் பக்கம் சாய்கிறார்’ என்று அந்த வாக்கியத்தைத் தொடருங்கள். ‘லிங்க்’ என்று இருந்தால், பந்தியின் கடைசி வாக்கியத்தில் வினாவின் சொல் ஒன்றாவது இல்லை என்று பொருள். ‘ஜட்ஜ்மென்ட்’ என்பது பெரும்பாலும் நீண்ட விடைகளின் முடிவில் வரும்; இரண்டு பக்கமும் எழுதிவிட்டு எந்தப் பக்கம் கனமானது என்று சொல்லாமல் நழுவியிருக்கிறீர்கள். ‘குட்’ என்று எழுதிய இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்து, அதே அச்சில் வேறொரு விடயத்துக்கு ஒரு வாக்கியம் எழுதினால், உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்று எது என்பது தெரியும்.

கோட்பாட்டாளர் பட்டியல் பலரை மிரட்டுகிறது. எடுக்காஸ் பாடத்திட்டத்தில் ஊடக மொழி, பிரதிநிதித்துவம், தொழில்துறை, பார்வையாளர் என்ற நான்கு பகுதிகளிலும் சேர்த்து 19 கோட்பாடுகள் உள்ளன. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹோல் மட்டும் பிரதிநிதித்துவத்திலும் பார்வையாளர் பகுதியிலுமாக இருமுறை வருகிறார், அந்த இரண்டையும் குழப்பி எழுதுவது மொக் தாள்களில் சாதாரணமாகக் காணப்படும் தவறு. பத்தொன்பதையும் ஒரே ஆழத்தில் படிக்க முயல்வதைவிட, மொக்கில் நீங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்த கோட்பாடுகள் எவை என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் அது சொல்வதை ஒரு வாக்கியத்திலும், பாடத்துக்கென விதிக்கப்பட்ட ஊடக உற்பத்தி ஒன்றில் அது பொருந்தும் இடத்தை ஒரு வாக்கியத்திலும், பொருந்தாத இடத்தை இன்னொரு வாக்கியத்திலும் எழுதுங்கள். மூன்றாவது வாக்கியத்தை எழுத முடியாவிட்டால் அந்தக் கோட்பாடு இன்னும் உங்களுக்கு விளங்கவில்லை.

‘நே’ அதிகமாக இருந்தால் கணக்குப் போட வேண்டும். எடுக்காஸ் முதலாம் தாளில் 2 மணி 15 நிமிடத்தில் 90 புள்ளிகள். வாசிக்கும் நேரமும் சேர்த்து ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். இரண்டாம் தாளில் இரண்டரை மணி நேரத்தில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 50 நிமிடம். மொக் தாளில் ஒவ்வொரு விடையும் எத்தனை பக்கம் போயிருக்கிறது என்று எண்ணி, அதன் புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்த முதல் வினாவுக்கு மூன்று பக்கமும், அதைப்போல இரு மடங்கு புள்ளியுள்ள கடைசி வினாவுக்கு முக்கால் பக்கமும் எழுதிய தாள்கள் என்னிடம் வந்திருக்கின்றன. வேகமாக எழுதப் பழகுவதைவிட முதல் விடையைக் குறித்த நிமிடத்தில் நிறுத்தப் பழகுவதே இதற்கு மருந்து.

இவ்வளவும் செய்த பின்னர் ஆசிரியரிடம் செல்லுங்கள். ‘ஏன் எனக்குப் புள்ளி குறைந்தது?’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். பழைய பந்தியையும் திருத்தி எழுதிய பந்தியையும் அருகருகே வைத்து, ‘புள்ளித் திட்டத்தில் இது இப்போது எந்த நிலைக்கு ஏறியிருக்கிறது, அடுத்த நிலைக்கு என்ன குறை?’ என்று கேட்டால், ஐந்து நிமிடத்தில் உருப்படியான பதில் கிடைக்கும். மொக்கில் கொடுத்த தரத்தைப் பற்றி விவாதித்து அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாதீர்கள். தர எல்லைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை.

மே மாதம்வரை கிழமைக்கு இரண்டு விடைகளை நேரம் வைத்து எழுதினால் போதும். எழுதத் தொடங்குமுன் தாளின் மேலே, இந்த முறை திருத்த நினைக்கும் ஒரு குறையை மட்டும் எழுதிவையுங்கள். திருத்துபவரும் அதை முதலில் பார்ப்பார். முன்பின் காணாத படத்தையோ பக்கத்தையோ ஆராயும் வினாவுக்குப் பயிற்சி எடுக்க வேறெங்கும் தேட வேண்டியதில்லை: இலண்டனில் இருப்பவர் காலையில் நிலத்தடி ரயில் நிலைய வாசலில் இலவசமாகக் கிடைக்கும் மெட்ரோ பத்திரிகையின் முன்பக்கத்தை எடுத்து, இரண்டு தரிப்பிடங்களுக்கிடையில் அதன் தலைப்பு, படம், பக்க அமைப்பு ஆகியவை யாரை எப்படிக் காட்டுகின்றன என்று ஓரத்தில் குறிக்கலாம். அதே நாள் வேறொரு பத்திரிகை அதே செய்தியை எப்படிப் போட்டது என்று மாலையில் ஒப்பிட்டால், ஒப்பீட்டு வினாவுக்கும் பயிற்சியாகிவிடும்.

கடைசிக் கிழமையில் பென்சிற் குறிகளை மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள். புதிய விடைகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் இரண்டு குறைகளை மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதி, பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்வரை வாசித்துவிட்டுப் பைக்குள் போட்டுவிடுங்கள். உள்ளே வினாத்தாளைத் திறக்கச் சொன்னதும் செய்ய வேண்டிய முதல் வேலை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு வினாவின் அருகிலும் அதை முடிக்க வேண்டிய நேரத்தைக் குறிப்பது. இரண்டாவது, என்ன செய்ய வேண்டும் என்று வினாவில் சொல்லும் கட்டளைச் சொல்லின் கீழ் கோடு இழுப்பது.