கொழுக்கட்டைப் புல் முளைக்க எவ்வளவு ஈரம் வேண்டும்? தொட்டியில் பார்த்துவிடலாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பொட்டல்களில் கொழுக்கட்டைப் புல் என்கிற மேய்ச்சல் புல்லைத் திரும்பக் கொண்டுவர நினைக்கிறவர்கள், விதை தூவுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அப்போதுதான் உருவிய விதை வேண்டாம். இந்த விதைக்கு உறக்கம் உண்டு, சில மாதம் போனால்தான் ஒழுங்காக முளைக்கும்.

அடியில் ஓட்டையுள்ள மூன்று தொட்டிகளில் உங்கள் நிலத்துச் செம்மண்ணையே நிரப்புங்கள். விதை பஞ்சுபோல ஒன்றோடொன்று ஒட்டும், அதனால் ஈர மணலில் பிசறித் தூவி, ஒரு சென்டிமீட்டருக்குள் மண் மூடுங்கள். முதல் தொட்டிக்குத் தினமும் தண்ணீர், இரண்டாவதற்கு மூன்று நாளைக்கு ஒருமுறை. மூன்றாவதற்கு இரண்டு நாள் நன்றாக ஊற்றி, ஐந்து நாள் காயவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். ஆவணியில் ஒரு மழை பெய்து ஓய்கிறதே, அதுதான் இந்த மூன்றாவது தொட்டி. பூவாளியால் மட்டும் ஊற்றுங்கள். குவளையால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். முளை தெரியவில்லை என்றால் உடனே இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கத்தி முனையால் மேல்மண்ணைத் தூக்கிப் பாருங்கள். விதை உப்பாமல் இருந்தால் ஈரம் போதவில்லை. வேர் விட்டுக் கருகியிருந்தால், முளைத்த பிறகு காய்ந்திருக்கிறது. வெள்ளை முளை வளைந்து மடங்கிக் கிடந்தால் குற்றம் பொருக்குடையது: செம்மண் நனைந்து காயும்போது மேலே ஓடுபோல இறுகிவிடும், மெல்லிய முளையால் அதைப் பிளக்க முடியாது. அதற்கு வைக்கோலை மெல்லிசாகப் பரப்பினால் போதும்.

முளைத்துவிட்டதே என்று கணக்கை முடிக்கவும் கூடாது. முதல் வேர் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். அப்புறம் தண்டின் அடியிலிருந்து, மண்ணின் மேல்மட்டத்திலேயே, புது வேர்கள் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் மேல்மண் காய்ந்திருந்தால் அவை இறங்காது, பச்சை நாற்று அப்படியே வாடிவிடும். அதனால் ஏழாம் நாளும் இருபத்தோராம் நாளும் நாற்றுகளை எண்ணுங்கள். நிலத்தில் விதைக்க ஐப்பசி அடைமழையை நான் நம்புவது இதனால்தான்.

ஈரத்தை அளக்கச் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். குத்திப் பார்க்கும் மீட்டரை நம்ப மாட்டேன். சரளை மண்ணில் கம்பியைச் சுற்றி இடைவெளி விழுந்து எண் குறைத்துக் காட்டும். மேல்மண்ணை எடை போட்டு, எடை மாறாத வரை வாணலியில் வறுத்து, மறுபடி எடை போடுங்கள். வறுத்ததில் எவ்வளவு எடை குறைந்ததோ, அதைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம்.

பின்சேர்க்கை: கண்மாய் வண்டல் கலக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கலக்கலாம், ஆனால் அதை நான்காவது தொட்டியாக வையுங்கள். வண்டலில் இருக்கிற களி மண் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; அதே சதவீத ஈரத்தில் மணல்சாரி மண்ணில் விதைக்குக் கிடைக்கிற அளவு அதில் கிடைக்காது. இரண்டு மண்ணையும் சதவீதத்தால் ஒப்பிட வேண்டாம், நின்ற நாற்றுகளை எண்ணி ஒப்பிடுங்கள்.