பாதிப் பாட்டில் இழுத்த கிராமபோன்

காரைக்குடியில் பழைய சாமான் கடையில் வாங்கிய சாவி கிராமபோன், முழுக்கச் சாவி கொடுத்தும் 78 சுற்று இசைத்தட்டில் பாதிப் பாட்டிலேயே இழுத்தது. ஊசியை மாற்றினேன், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற பாகத்துக்கு எண்ணெய் விட்டேன், பலனில்லை. நான்கு நாள் போனது. வேகம் குறையும்போதெல்லாம் பெட்டிக்குள் ‘தொம்’ என்று ஓர் அதிர்வு. ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொண்டு திடீரென விடுபடும் சத்தம் அது. பழைய கிரீஸ் அரக்காய் இறுகியிருந்தது. சாவி முழுதும் அடங்க ஓடவிட்டுத்தான் ஸ்பிரிங் அடங்கிய டிரம்மைத் திறந்தேன். அப்போதும் ஸ்பிரிங் விறைப்பாகவே இருக்கும். தடித்த கையுறையோடு நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக விட வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, கிராஃபைட் கிரீஸ் பூசினேன். தட்டுக்கடியில் காகிதத் துண்டு செருகி எண்ணினால் நிமிடத்துக்குச் சரியாக 78. எல்.பி. எனும் வினைல் இசைத்தட்டை மட்டும் இதில் வைக்காதீர்கள்: ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் கனத்த சவுண்ட்பாக்ஸும் எஃகு ஊசியும் வினைல் தடத்தை உழுதுவிடும்.