மினி பிசிக்கு மலிவு மானிட்டர்: எங்கே சறுக்குகிறோம்?

மினி பிசி வாங்கும்போது ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, மானிட்டர் என்று வந்தால் பட்ஜெட்டுக்குள் கிடைப்பதில் பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் எழுத்து மங்கல், நிறம் வெளுப்பு என்று புலம்பல். மலிவு மானிட்டர் மேல் விழும் பழியில் பெரும்பகுதி அதற்குச் சேர வேண்டியதல்ல. தவறு அளவிலோ இணைப்பிலோ அமைப்பிலோ இருக்கும்.

முதலில் அளவு. 27 அங்குலத் திரையில் 1920×1080 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்கள்தான். மேசையில் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்தால் எழுத்தின் விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியும். அதே ரெசல்யூஷன் 24 அங்குலத்தில் 92 பிக்சல். தினசரி வேலைக்குப் போதும். 27 தான் வேண்டுமென்றால் 2560×1440 பாருங்கள். மேக் மினிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2018இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவே பதிப்பிலிருந்து, ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்களைக் கொண்டு எழுத்தை மென்மையாக்கும் முறையை ஆப்பிள் கைவிட்டுவிட்டது. விண்டோஸில் சுமாராகத் தெரியும் ஃபுல் எச்டி (1920×1080) திரை மேக்கில் இன்னும் மங்கலாகத் தோன்றுவது அதனால்தான்.

பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்புவது அடுத்த தவறு. கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்குமான ஒளி விகிதம்) கோடிக்கணக்கில் போட்டிருந்தால் அது பின்விளக்கை ஏற்றி இறக்கிக் காட்டும் டைனமிக் கணக்கு, மறந்துவிடுங்கள். திரைப் பேனல்களில் ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு; உண்மையில் சாதாரண ஐபிஎஸ் 1000:1 அளவில் இருக்கும், விஏ 3000:1 வரை போகும். ‘1.67 கோடி நிறங்கள்’ என்பதும் பேனலின் நிற வீச்சைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது எஸ்ஆர்ஜிபி (கணினி, இணையப் படங்களுக்கான பொது நிற வரம்பு) சதவீதம். சிலர் ‘45% என்டிஎஸ்சி’ என்று போடுவார்கள். 1953ஆம் ஆண்டு அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சித் தரத்தோடு ஒப்பிட்ட கணக்கு அது. 72% என்டிஎஸ்சி இருந்தால்தான் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. 45% பேனலில் சிவப்பு செங்கல் நிறத்துக்குச் சாய்ந்துவிடும். பேனலில் இல்லாத நிறத்தை எந்தக் காலிபரேஷனும் (நிறத்தையும் ஒளியையும் சரிப்படுத்துவது) கொண்டுவராது. மலிவு மானிட்டரில் எச்டிஆர் (கூடுதல் ஒளி வேறுபாடு காட்டும் படம்) என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்ற அளவில்தான். அணைத்து வைப்பதே நல்லது.

பின்புறத்தையும் பாருங்கள். மினி பிசியை மானிட்டர் முதுகில் மாட்ட 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் வெசா (மானிட்டர் மாட்டுவதற்கான பொதுத் தரம்) துளைகள் வேண்டும். சில மாடல்களில் அவை இருக்காது; சிலவற்றில் ஸ்டாண்டே அந்தத் துளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். ராஸ்பெர்ரி பை 4, 5 இரண்டிலும் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ; மினி எச்டிஎம்ஐ கேபிள் அதில் பொருந்தாது. பழைய மினி பிசியில் எச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்தால் 4கே வாங்காதீர்கள். அதில் 4கே 30 ஹெர்ட்ஸில்தான் ஓடும், மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். யுஎஸ்பி-சி துளை இருக்கிறதே என்றும் நம்பிவிட வேண்டாம், எல்லாத் துளைகளும் படம் அனுப்புவதில்லை.

இனி அதிகம் பேர் கவனிக்காத விஷயம். ஒளி அளவைக் குறிக்கும் எண்களில், தொலைக்காட்சிப் படத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில் 0 முதல் 255. எச்டிஎம்ஐ வழியாக இணைக்கும்போது சில சமயம் கணினி மானிட்டரை டிவி என்று நினைத்து 16-235 அனுப்பிவிடும். மானிட்டர் அந்த 16ஐ அப்படியே காட்ட, கறுப்பு சாம்பலாகிறது, படம் முழுவதும் வெளுக்கிறது. பேனல் மட்டம் என்று திருப்பிக் கொடுக்கும் முன் கிராபிக்ஸ் டிரைவர் அமைப்பில் ‘ஃபுல் ரேஞ்ச்’ தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மானிட்டர் மெனுவிலும் ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ அல்லது ‘பிளாக் லெவல்’ என்று இருக்கலாம். எதிர்த்திசையில் பிசகினால், அதாவது கணினி 0-255 அனுப்ப மானிட்டர் 16-235 என்று எடுத்துக்கொண்டால், நிழல் பகுதிகள் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்யாமல் காலிபரேஷனில் இறங்கினால் நேரம்தான் வீண்.

காலிபரேஷனுக்கு முன் டைனமிக் கான்ட்ராஸ்ட், எகோ, கண் பாதுகாப்பு, நைட் லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். மானிட்டர் அரை மணி நேரம் ஓடி சூடாகட்டும். பிறகு மானிட்டர் பொத்தான்களில் தொடங்குங்கள்: பிரைட்னஸைக் குறைத்து, வெள்ளைத் திரையும் அறை வெளிச்சத்தில் பிடித்த வெள்ளைத் தாளும் ஒரே அளவு பளிச்சென்று தெரியும்வரை வாருங்கள். கான்ட்ராஸ்டைத் தொடாமல் விடுவது நல்லது. ஏற்றினால் வெண்மேகத்தின் விவரம் கரைந்துவிடும். நிற வெப்பம் (வெள்ளையின் மஞ்சள் அல்லது நீலச் சாயல்) 6500 கெல்வின், காமா (இடைநிழல்களின் வெளிச்ச அளவு) 2.2. ஷார்ப்னஸ் கூடிப்போய் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் குறையுங்கள். இவ்வளவும் முடிந்த பின்தான் விண்டோஸ், மேக் காலிபரேஷன் கருவிகள். வரிசை மாறினால் மென்பொருள் நிறப்படிகளைத் தின்றுவிட்டு வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விடும்.

அதே மாடல் வைத்திருக்கும் யாரோ ஏற்றிய ஐசிசி புரொஃபைலை (திரையின் நிறத்தன்மையைப் பதிந்த கோப்பு) இறக்கிப் போடுவதும் வேண்டாம். அது அவருடைய பேனலுக்கு, அவர் வைத்த அமைப்புக்கு எடுத்த அளவு. புகைப்படம் அச்சிடுகிறவர் என்றால் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரை இரவல் வாங்குங்கள், அதோடு பயன்படுத்தும் டிஸ்ப்ளேகேல் மென்பொருள் இலவசம். மற்றவர்களுக்கு மேலே சொன்னதே போதும் என்பது என் கருத்து.

வாங்கிய முதல் இரவே விளக்கை அணைத்து, முழுக் கறுப்புப் படத்தைப் போட்டு மூலைகளில் ஒளி கசிகிறதா, அணையாத புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் சில நாள்தான். அதுவரை பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.