முருகைக்கல் கோயிலும் மூன்று நாள் விறாந்தையும்

யாழ்ப்பாணம் போகிற எங்கள் கத்தோலிக்கர்கள் சொந்தப் பங்குக் கோயிலை ஒருக்கால் பார்க்காமல் திரும்புவதில்லை. கும்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. அங்கிருந்து ஒரு கடதாசி எடுக்க வேண்டியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு ரொறொன்ரோவில் கலியாணம். ஊரில் 1993 இல் ஞானஸ்நானம் பெற்றவள். ஆறு மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நான அத்தாட்சி வேண்டும் என்று இங்குள்ள சுவாமியார் சொல்லிவிட்டார். பெட்டிக்குள் பழைய பிரதி கிடக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஒருவர் கலியாணம் முடித்தால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிப்பார்கள். அந்த ஓரம் இன்றைக்கும் வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் புதுப் பிரதி கேட்கிறார்கள்.

கொடியேறி நவநாள், அதாவது திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் வழிபாடு, நடக்கிற நாட்களில் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். முதல் நாள் காலை பங்குமனை விறாந்தையில் இருந்த பிள்ளை, "ஃபாதர் கூட்டத்துக்குப் போட்டார் அங்கிள், அலுமாரித் திறப்பு அவரிட்டத்தான்" என்றாள். பின்னேரம் நவநாள் பூசை. அது முடிய, சோடனைக்காரரும் பாட்டுக்குழுவும் சுவாமியாரைச் சுற்றி நின்றார்கள். "நாளைக்கு வாங்கோ" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இருந்ததே 9 நாள்.

விறாந்தை வாங்கில் இருந்தால் கோயிலின் தெற்குச் சுவர்தான் கண்ணுக்கு முன்னால். சின்ன வயதில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மறைக்கல்வி படித்தவன் நான். இரண்டு முழத்துக்குக் குறையாத தடிப்பு, முழுக்க முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். குடாநாட்டில் கருங்கல் கிடையாது. கடலும் நிலமும் தந்த முருகைக்கல்லை அடுக்கி, அதே இனக் கல்லைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பால் ஒட்டினார்கள். மேலே பனஞ்சிலாகையும் ஓடும். வெயில் எரிக்கும்போதும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அந்தச் சுவர் மூச்சு விடுகிறது என்று அப்பா சொல்வார். கதை விடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்தச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு. இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு பொருமி, பெயின்ற் தோல்போல உரிந்து தொங்குகிறது. ஓரிடத்தில் விரலால் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பேர்ந்து விழுந்தது. உள்ளே கல் இல்லை, ஈர மாவு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் உப்பு மணம். சுண்ணாம்புப் பூச்சு, சுவர் குடித்த ஈரத்தை வெளியே போகவிடும். சீமெந்து விடாது. உள்ளே மாட்டிய ஈரம் காயும்போது உப்பு படிகமாகி, கல்லை உள்ளிருந்தே உடைக்கும். முருகைக்கல்லோ கடலில் பிறந்தது, உப்புக்குப் பஞ்சமில்லை. பூசாமல் அப்படியே நிற்கும் சுவர் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் சங்கானைக்குப் போங்கள். போர்த்துக்கேயர் காலத்துக் கோயில் ஒன்று கூரையில்லாமல் அங்கே நிற்கிறது. எங்களுடையதைவிட எவ்வளவோ மூத்தது, ஆனாலும் கல்லு கல்லாக இருக்கிறது.

எங்கள் தெற்குச் சுவரில் ஒரு மாபிள் பலகையும் உண்டு. பூச்சு வேலைக்கு உபயம் செய்தவர்களின் பெயர்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. அம்மாவின் செத்த வீட்டுக்கு வர முடியாத வருடம் அனுப்பிய காசு அது. என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. கோயிலுக்குக் காசு கேட்டு உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் குரல் வரும். கொடுங்கள். ஆனால் சீமெந்தா சுண்ணாம்பா, சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த மேசன் யார் என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாம் நாள் அலுமாரி திறந்தது. 1980களின் பதிவேடு இருந்தது, 1997 இலிருந்து இருந்தது. நடுவில் உள்ளதைக் காணவில்லை. 1995 ஒக்ரோபரில் போருக்குப் பயந்து குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க எழும்பி நடந்தபோது பதிவேடுகள் சாக்கில் போனதாம். சாவகச்சேரி மட்டும் வந்தது தெரியும், அதற்குப் பிறகு ஒன்று குறைந்துவிட்டது. அந்தச் சாக்கு போன அதே றோட்டில்தான் நாங்களும் இரண்டு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். சாக்கு திரும்பி வந்தது. நாங்கள் கொழும்பு, அப்புறம் கனடா.

இந்த மண்ணில் கோயில்கள் கைமாறுவது புதிதில்லை. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கட்டியவற்றை 1658 இல் ஒல்லாந்தர் எடுத்துத் தங்கள் சபைக்கு ஆக்கினார்கள், கத்தோலிக்கப் பூசைக்குத் தடை போட்டார்கள். 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகள் சில்லாலைப் பக்கம் ஒளித்துப் பூசை வைத்தார். 2015 இல் அவரைப் புனிதராக்கினார்கள். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் இடிந்து கிடந்த பழைய கோயில்களைத் திருத்தி எடுத்தார்கள். கோட்டைக்குள் 1706 இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவில் கட்டியது, போரில் கற்குவியலாய்ப் போனது. எங்கள் கோயில் இவ்வளவு பழசில்லை. 1847 இல் வந்து இறங்கிய அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் காலத்துக்குப் பிந்தியது.

சரி, பதிவேடு இல்லையென்றால் என்ன செய்வது? அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அரை நாள் கத்தினேன். அந்தப் பிள்ளையிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. பிறகு சுவாமியார்தான் விளக்கினார். ஞானஸ்நானம் நடந்ததை நேரே கண்ட, நம்பத்தக்க ஒருவரின் வாக்குமூலம் இருந்தால் திருச்சபைச் சட்டப்படி போதும். ஆகவே போகுமுன்னர் பிள்ளையின் ஞானத்தாய், ஞானத்தகப்பன் எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து வையுங்கள். அன்றைக்கு எடுத்த படம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர், ஞானஸ்நானப் பெயர், பாஸ்போட் பெயர் மூன்றையும் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

மகளின் ஞானத்தாய் என் மாமி, அப்பாவின் தங்கச்சி, 81 வயது. மூன்றாம் நாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே பேச்சு: "கலியாணத்தை இஞ்ச வைச்சிருக்கலாம்தானே. ஆரடா அங்க இருக்கினம்?" மண்டப வாடகை, லீவு, மாப்பிள்ளை வீட்டார் என்று ஏதேதோ சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டிருந்தா. விறாந்தையில் கதிரை போட்டும் இருக்கவில்லை. நின்றபடியே, "நான்தான் பிள்ளையை ஏந்தினனான், நல்லாக் கத்தினவள்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தா.

சுவாமியார் நடப்புப் பதிவேட்டை எடுத்துத் தரச் சொன்னார். அந்தப் பிள்ளை, இந்த வருடம் பிறந்த குழந்தைகளின் பெயர்களுக்குக் கீழே, அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்து, 31 வயது மகளின் பெயரை எழுதினாள். ஓரத்தை வெறுமையாக விட்டாள். மாமி குனிந்து, கண்ணாடியை உயர்த்தி, எழுத்து எழுத்தாகப் பார்த்தா. பிறகு வெளியே வந்து தெற்குச் சுவரடியில் நின்று, "இதுக்கு ஆரடா சீமெந்து பூசினது?" என்றா.

ஆட்டோ காத்து நிற்கிறது என்று சொன்னேன்.