பட்டம் கையில், பட்டறை எங்கே?

பி.காம். முதல் வகுப்பில் தேறித்தான் ஆத்தங்குடித் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறைக்குக் கணக்கெழுத வந்தேன். முதல் வாரமே இருப்புக் கணக்கு உதைத்தது; தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த கற்களை நான் எண்ணவே இல்லை.

மதிப்பெண் வாசல்வரை கொண்டுவந்து விடும். அதனால் அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் கல்லூரிக் கடைசி ஆண்டு விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது பட்டறையில் போய் உட்காருங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பு ஊற்றுவதையும், அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவதையும் பொறுமையாகப் பாருங்கள். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் நம் செட்டிநாட்டுப் பிள்ளைகளும் பெட்டியடிப் பையன்களாக, அதாவது கடையில் எடுபிடியாக, நின்றுதான் தொழில் கற்றார்கள்.

பிறகு ஒரு கல்லுக்கு என்ன அடக்க விலை என்று நீங்களே கணக்கிட்டு மேஸ்திரியிடம் காட்டுங்கள். உடைந்த கல்லைச் சேர்த்தீர்களா என்று கேட்பார். குறித்துக்கொள்ளுங்கள்.